வண்ணந்தீட்டும் விலங்குப் படங்கள்

வண்ணந்தீட்டும் விலங்குப் படங்கள் என்பவை, விலங்குகள், பறவைகள், பூச்சிகள் முதலியவற்றின் புறக்கோடுகள் மட்டும் கறுப்பில் வரையப்பட்டு, உள்ளிடம் வெறுமையாக விடப்பட்ட படங்கள் ஆகும். சிறுவர் அவ்விடங்களை மெழுகு வண்ணக்கோல் (கிரேயான்), வண்ணப் பென்சில், நீர்வண்ணம் ஆகியவற்றால் நிரப்புவர். முன்னர் நூல்களாக மட்டும் கிடைத்த இவை, வீட்டு அச்சுப்பொறிகள் பரவிய பின்னர், தேவைக்கேற்ப அச்சிட்டுக்கொள்ளத்தக்க கணினிக் கோப்புகளாகவும் கிடைக்கின்றன. மழலையர் கல்வியில் இவை பரவலாகப் பயன்படுகின்றன. எனினும், இவை சிறுவரின் ஓவியத்திறனை வளர்க்கின்றனவா, தடுக்கின்றனவா என்பது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு.

வரலாறு

நியூயார்க்கைச் சேர்ந்த மெக்லாக்லின் பிரதர்ஸ் பதிப்பகம் 1880களில் வெளியிட்ட, ஆங்கில ஓவியர் கேட் கிரீனவேயின் படங்களைக் கொண்ட நூல், சிறுவர் வண்ணந்தீட்டும் நூல்களின் முன்னோடிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. தொடக்ககால நூல்கள் தூரிகையும் நீர்வண்ணமும் கொண்டு தீட்டுவதற்காக உருவாக்கப்பட்டவை. 1903 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பின்னி அண்ட் சுமித் நிறுவனம், எட்டு மெழுகு வண்ணக்கோல்கள் கொண்ட கிரயோலா பெட்டியை 5 சதத்திற்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. நீரும் தூரிகையும் தேவைப்படாத இவ்வண்ணக்கோல்கள், மிகச் சிறிய பிள்ளைகளும் வண்ணந்தீட்டுவதை எளிதாக்கின.

வயதுக்கேற்ற அமைப்பு

ஏறக்குறைய இரண்டு வயதுப் பிள்ளை வண்ணக்கோலை உள்ளங்கையால் பற்றித் தோளிலிருந்து கையை அசைத்துக் கிறுக்கும். நான்கு வயதையொட்டிப் பல பிள்ளைகள் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகிய மூன்றாலும் பற்றப் பழகுகின்றனர். இதனால், சிறியோருக்கான படத்தில் தடித்த கோடுகளும், தாளை நிறைக்கும் ஒரே விலங்கும், சில பெரிய பகுதிகளும் இருத்தல் நன்று. மீன், ஆமை, யானை ஆகியவை இதற்குப் பொருந்தும். வரிக்குதிரையின் கோடுகள், மயில்தோகையின் கண்கள் போன்ற நுண்பகுதிகள் கொண்ட படங்கள் பள்ளி வயதினருக்கு ஏற்றவை.

தமிழ் அரிச்சுவடிகளில் அணில், ஆடு, எலி, ஒட்டகம் முதலியவை எழுத்துகளுக்கு எடுத்துக்காட்டாக வருவதால், இப்படங்களை எழுத்துப் பயிற்சியுடன் இணைத்தும் பயன்படுத்தலாம்.

வண்ணமும் விலங்கியலும்

விலங்குப் படத்தின் சிறப்பு, எந்த நிறத்தைத் தீட்டுவது என்ற கேள்வியே உயிரியல் பாடத்தின் தொடக்கமாக அமைவதாகும்.

* பனிக்கரடியின் மயிரில் நிறமி இல்லை. ஒளிச் சிதறலால் வெண்மையாகத் தோன்றுகிறது. அதன் தோல் கறுப்பு நிறமுடையது.
* பூநாரையின் இளஞ்சிவப்பு, அது உண்ணும் பாசி, சிற்றிறால் ஆகியவற்றிலுள்ள கரோட்டினாய்டு நிறமிகளால் உண்டாவது. அதன் குஞ்சு சாம்பல் நிறமுடையது.
* ஆண் மயில் ஒளிரும் நீலநிறக் கழுத்துடையது. பெண் மயில் பெரும்பாலும் பழுப்பு நிறமுடையது.

பிள்ளை யானைக்கு ஊதா நிறம் தீட்டினால் அதைப் பிழையென்று கொள்ளவேண்டியதில்லை. மழலைப் பருவத்தில் நிறத்தெரிவு பெரும்பாலும் விருப்பத்தைச் சார்ந்தது; பொருளின் உண்மை நிறத்தைச் சார்ந்ததன்று.

கருத்து வேறுபாடு

ஆசுத்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய கலைக்கல்வியாளர் விக்டர் லோவன்பெல்டு, 1947 இல் வெளியிட்ட தம் நூலில் வண்ணந்தீட்டும் நூல்களைக் கடுமையாக எதிர்த்தார். பெரியவர் வரைந்த திருத்தமான உருவத்தைக் கண்ட பிள்ளை, தன்னால் அவ்வாறு வரைய இயலாது என எண்ணித் தன்னம்பிக்கையை இழக்கும் என்பது அவர் வாதம்.

இவற்றை ஆதரிப்போர், விரற்கட்டுப்பாடு, கண்-கை ஒருங்கிணைவு, ஒரு வேலையை முடிக்கும் பொறுமை ஆகியவற்றுக்கு இவை உதவுகின்றன என்பர். இவ்விரு கருத்துகளும் வெவ்வேறு திறன்களைப் பற்றியவை என்பது கவனிக்கத்தக்கது. கோட்டுக்குள் நிறம் நிரப்புவது கைக்குப் பயிற்சி. வெற்றுத்தாளில் தானே ஒரு பூனையை வரைவது கற்பனைக்குப் பயிற்சி. முன்னது பின்னதற்கு ஈடாகாது. ஆகவே, அச்சுத்தாளுடன் வெற்றுத்தாளையும் கொடுத்தல், விலங்கின் வாழிடத்தைப் பிள்ளையே வரைந்து சேர்க்க இடம் விடுதல், பாதி வரைந்த விலங்கை நிறைவுசெய்யச் சொல்லுதல் ஆகியன இரண்டையும் இணைக்கும் வழிகளாகும்.

அச்சிடல்

ஏ4 தாளின் அளவு 210 × 297 மில்லிமீட்டர். அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்ற செறிவில் இதை நிரப்ப 2480 × 3508 படப்புள்ளிகள் தேவை. இதைவிட மிகச் சிறிய படத்தைப் பெரிதாக்கினால் கோடுகள் படிக்கட்டுபோல் உடையும். கோடுகளைக் கணித வடிவில் சேமிக்கும் எசு.வி.ஜி. கோப்புகளை எவ்வளவு பெரிதாக்கினாலும் தெளிவு குறையாது. மைத்தாரை அச்சுப்பொறிகளில் பயன்படும் சில மைகள் நீர்பட்டால் கரையும். எனவே நீர்வண்ணத்துக்கு லேசர் அச்சும் தடித்த தாளும் ஏற்றவை.

பாதுகாப்பும் பதிப்புரிமையும்

மெழுகு வண்ணக்கோலின் உடைந்த துண்டுகள் தொண்டையில் அடைக்கக்கூடும் என்பதால், மூன்று வயதுக்குட்பட்டோர் பெரியவர் கண்காணிப்பில் இருத்தல் வேண்டும். 1994 இல் ஈயம் கலந்திருந்த சில இறக்குமதி வண்ணக்கோல்கள் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டன. நச்சற்றது என்ற குறிப்புள்ளவற்றையே வாங்குதல் நலம்.

இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதனாலேயே ஒரு படம் பதிப்புரிமையற்றது ஆகிவிடாது. கேலிச்சித்திர விலங்குப் பாத்திரங்கள் பல உரிமை பெற்றவை. பொதுக் களத்திலுள்ள படங்களையும், கட்டற்ற உரிமத்தில் வெளியானவற்றையும் அவ்வுரிமத்தின் விதிகளுக்குட்பட்டுப் படியெடுத்து வகுப்பில் வழங்கலாம்.

இவற்றையும் பார்க்க

* மழலையர் கல்வி
* ஓவியம்
* நிறமி