முதல் வரிக்கு நடந்த போட்டி

ஒரு பட்டியலில் எந்தப் பெயர் முதலில் நிற்க வேண்டும் என்பது அற்ப விஷயமாகத் தோன்றலாம். ஆயினும் அமெரிக்க நாட்டில் இவ்வொரு கேள்வியின் பொருட்டுக் காங்கிரஸ் சபை விசாரணை நடத்திற்று; அரசாங்கம் விதி இயற்றிற்று; விமானக் கம்பெனிகள் நீதிமன்றம் ஏறின. இக்காலத்தில் பயண இணையத்தளங்களின் முகப்புப் பக்கத்தை, மக்கள் எதைத் தொடுகிறார்கள், எதைப் பாராமலே கடந்து செல்கிறார்கள் என்னும் கணக்கைக் கொண்டு திருத்தியமைக்கிறார்கள் அல்லவா? அந்த வித்தையின் பூர்வ கதை இதுவே எனலாம்.

1953-ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நியூயார்க் சென்ற ஒரு விமானத்தில் ஸ்மித் என்னும் பெயருடைய இருவர் அடுத்தடுத்து அமர நேர்ந்தது. ஒருவர் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனியின் தலைவர் சி. ஆர். ஸ்மித், மற்றவர் ஐ.பி.எம். கம்பெனியின் விற்பனையாளர் பிளேர் ஸ்மித். அன்று விமான இருக்கைகளின் கணக்கு முழுவதும் குமாஸ்தாக்களின் கையிலிருந்த அட்டைகளில் இருந்தது. இவ்விருவரின் பேச்சில் முளைத்ததுதான் ‘சேபர்’ என்னும் கணினி முன்பதிவு முறை. 1960-இல் அதன் முதல் யந்திரங்கள் நிறுவப்பட்டன. 1964-இல் அது முழு அளவில் இயங்கியது. 1976 முதல் பயண முகவர்களின் மேசைக்கும் அதன் திரை வந்து சேர்ந்தது.

தொல்லையும் அத்திரையோடு கூடவே வந்தது. ஒரே ஊருக்குப் பல கம்பெனிகளின் விமானங்கள் உண்டு. திரையிலோ சில வரிகளுக்கே இடம். 1982-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் எடுத்த கணக்குப்படி, முகவர்கள் பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் முதல் வரியிலிருந்த விமானத்தையே பதிவு செய்தனர். நூற்றுக்கு 92 தடவை, அவர்கள் தேர்ந்தது முதல் திரையிலேயே இருந்தது. இதைச் சோம்பல் என்று ஏசுவது முறையாகாது. எதிரே வாடிக்கையாளர் காத்திருக்கிறார். தொலைபேசி மணி அடிக்கிறது. அடுத்த திரையைக் காண மறுபடியும் கட்டளை தட்ட வேண்டும். கண்ணில் முதலில் பட்டது போதுமானதாக இருந்தால் யார்தாம் மேலும் தேடுவர்?

யந்திரத்தின் சொந்தக்காரருக்கு இந்தப் பழக்கம் முன்னரே தெரிந்திருந்தது. பயண நேரம், புறப்படும் நேரம், இடையில் விமானம் மாறுதல் ஆகியவற்றுக்குத் தரும் மதிப்பெண்களைச் சற்றே கூட்டிக் குறைத்தால், தம் விமானம் மேலே ஏறும். போட்டியாளர் விமானம் கீழே இறங்கும். 1981-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ‘நியூயார்க் ஏர்’ என்னும் சிறிய கம்பெனி நியூயார்க்கின் லகார்டியா நிலையத்திலிருந்து டெட்ராய்ட் நகருக்கு விமானம் விட்டது. சிறிது காலத்தில் அதன் பெயர் சேபர் திரையின் அடிக்குப் போயிற்று. பதிவுகள் வற்றின. நாளொன்றுக்கு எட்டு முறை பறந்த சேவை அடியோடு நின்றது. விமானம் பழுதில்லை, விமானியிடம் குறையில்லை. பட்டியலில் இருந்த இடமே அதைக் கவிழ்த்தது.

1983-இல் காங்கிரஸ் விசாரணை நடந்தபோது, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர் ராபர்ட் கிராண்டால் எதையும் மறைக்கவில்லை. தம் விமானங்களுக்கு முன்னிடம் பெறுவதற்காகவே அம்முறையை உண்டாக்கியதாக வெளிப்படையாகவே கூறினார்! அந்த நேர்மையைப் பாராட்டலாம். நியாயத்தைப் பாராட்ட இயலாது. 1984-இல் கம்பெனியின் பெயரைப் பார்த்து வரிசை அமைக்கலாகாது என விதி வந்தது. அவ்விதி 2004 வரை நீடித்தது.

இதற்கிடையில் திரை முகவரிடமிருந்து பிரயாணியிடமே வந்துவிட்டது. 1996-இல் சேபர் நிறுவனம் ‘டிராவலாசிட்டி’யையும், மைக்ரோசாப்ட் ‘எக்ஸ்பீடியா’வையும் தொடங்கின. பயனீட்டாளரின் ஒவ்வொரு தொடுதலும் தானே பதிவாகும் வசதியும் கிடைத்தது. அக்கணக்கு நன்மைக்கும் பயன்பட்டதுண்டு. எக்ஸ்பீடியாவின் பணம் செலுத்தும் பக்கத்தில் ‘கம்பெனி’ என்றொரு கட்டம் இருந்தது. அதைக் கண்டு குழம்பிய பலர் தம் வங்கியின் பெயரை எழுதினர். தொடர்ந்து முகவரிக் கட்டத்திலும் வங்கியின் முகவரியையே எழுதினர். முகவரி பொருந்தாமையால் கடன் அட்டை மறுக்கப்பட்டது. வாங்க விரும்பியவர்கள் வாங்காமல் போவதேன் என்று கணக்கை ஆராய்ந்தபோதுதான் குற்றவாளி இன்னதென்று தெரிந்தது. அந்த ஒரு கட்டத்தை நீக்கியதால் ஆண்டொன்றுக்கு 1 கோடியே 20 லட்சம் அமெரிக்க வெள்ளி கூடுதல் இலாபம் வந்ததாக 2010-இல் செய்தி வெளியாயிற்று.

முதல் வரியின் வல்லமை எத்தகையது என்பதும் பின்னர் நுட்பமாக ஆராயப்பட்டது. எக்ஸ்பீடியா தன் பயனீட்டாளருள் ஒரு பகுதியினருக்கு ஹோட்டல்களைக் குலுக்கிப்போட்ட வரிசையில் காட்டியது. அந்த விவரத்தை ஆராய்ந்து 2018-இல் வெளிவந்த ஆய்வு சுவையான ஒன்றைச் சொல்கிறது. மேலிருக்கும் ஹோட்டலை மக்கள் அதிகமாகத் திறந்து பார்க்கிறார்கள். ஆனால், திறந்து பார்த்தபின் வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்வதில் வரிசை எண்ணுக்குப் பங்கில்லை. நியூயார்க் ஏரின் கதையும் இதனால் விளங்குகிறது. அதை எவரும் பார்த்துவிட்டு வெறுத்து ஒதுக்கவில்லை, பார்க்கவே இல்லை.

பழைய வழக்கு ஐரோப்பாவில் வேறு வடிவில் மீண்டும் எழுந்தது. ஹோட்டல் கொடுக்கும் பணம் வரிசையில் அதன் இடத்தை உயர்த்தியிருந்தால் அதைப் பயனீட்டாளருக்குத் தெளிவாகக் காட்டுவதாக, 2019 டிசம்பரில் ‘புக்கிங் டாட் காம்’ ஐரோப்பிய ஆணையத்திற்கு வாக்களித்தது. அதற்குக் குறிக்கப்பட்ட கெடு 2020 ஜூன்.