புள்ளலூர் ஏவூர்தி முதல் தற்சமநிலை ரோபோ வரை

புள்ளலூர், காஞ்சிபுரம் நகருக்கு வடக்கே உள்ள ஒரு சிற்றூர் ஆகும். 1780 செப்டம்பர் 10 அன்று, கர்னல் வில்லியம் பெய்லி தலைமையிலான கிழக்கிந்தியக் கம்பெனிப் படை இங்கு ஐதர் அலி, திப்பு சுல்தான் படைகளிடம் தோற்றது. காஞ்சிபுரத்தில் இருந்த ஹெக்டர் மன்ரோவின் உதவி உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. கம்பெனியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்தது தோல்வியை உறுதியாக்கியது. மைசூர் ஏவூர்திகளே அவற்றைப் பற்றவைத்தன என்பது பரவலான கருத்து. பீரங்கிக் குண்டு என்போரும் உண்டு.

மூங்கில் கழி

மைசூர் ஏவூர்தி என்பது வெடிமருந்து அடைத்த இரும்புக் குழாய். அதனுடன் நீண்ட மூங்கில் கழி ஒன்று கட்டப்பட்டிருந்தது. பறக்கும்போது முனை விலகினால், பின்னால் நீளும் கழியில் காற்று மோதி அதை நேராக்க முயலும். ஆனால் வேகம் குறைவாக உள்ளபோது காற்றின் உதவியும் குறைவு. இதனால் இவை அடிக்கடி இலக்குத் தவறின.

சுழல்காட்டி

பிற்கால ஏவூர்திகளில் சாய்வை அளக்கும் வேலையைச் சுழல்காட்டி ஏற்றது. அது தரும் அளவைக் கொண்டு கட்டுப்பாட்டு அமைப்பு திசையைத் திருத்தும். அளந்தால் மட்டும் போதாது என்பதை 1979 ஆகஸ்ட் 10 அன்று இந்தியா கண்டது. அப்துல் கலாம் திட்ட இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி-3, இரண்டாம் கட்டக் கட்டுப்பாட்டு அமைப்பில் ஏற்பட்ட கசிவால் நிலைகுலைந்து வங்கக் கடலில் விழுந்தது. 1980 சூலை 18 அன்று அடுத்த ஏவூர்தி ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. புள்ளலூர்ப் போர் நடந்து அப்போது ஏறத்தாழ 200 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இரு சக்கர ரோபோ

உள்ளங்கையில் கம்பை நிறுத்துபவர், கம்பு சாயும் பக்கமே கையை நகர்த்துவார். தற்சமநிலை ரோபோவும், 2001-இல் அறிமுகமான செக்வே வண்டியும் இவ்வாறே சாயும் பக்கம் சக்கரங்களை ஓட்டுகின்றன. சுழல்காட்டி சாயும் வேகத்தை உடனே சொல்லும். ஆனால் அதன் சிறு பிழைகள் நேரம் செல்லச் செல்லச் சேர்ந்துவிடும். முடுக்கமானி புவியீர்ப்பைக் கொண்டு செங்குத்துத் திசையைக் காட்டும்; ஆனால் அதிர்வில் தடுமாறும். ஆகவே இரண்டின் அளவுகளையும் இணைத்தே சாய்வு கணிக்கப்படுகிறது. சக்கரச் சுழற்சியை அளக்கும் உணரி, ரோபோ எவ்வளவு நகர்ந்தது எனக் கூறும். முன்னே செல்ல ரோபோ முதலில் முன்புறம் சிறிது சாய்கிறது. விழாமலிருக்கச் சக்கரங்கள் முன்னோக்கி உருள்கின்றன.

மூங்கில் கழி காற்றை நம்பியது. ரோபோவோ தன் சாய்வைத் தானே அளந்து, நொடிக்குப் பலமுறை தன்னைத் திருத்திக்கொள்கிறது.