பட்டறிவைச் சேமித்தல்: தீபக் கேமானியின் ஆய்வும் நம் தொழில் வரலாறும்

செயற்கை நுண்ணறிவின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களோடு நின்றுவிடுகின்றனர். சென்னையில் நிகழ்ந்த ஓர் ஆய்வுப்பணி, கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்ந்த தொழிலாளரின் கைத்திறன் அறிவை நாம் எவ்வாறு திரட்ட வேண்டும் என்பதற்கும் வழிகாட்டுகிறது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1970களில் வல்லுநரின் அறிவை விதிகளாக்கிக் கணினியில் ஏற்றும் முயற்சி ஓங்கியிருந்தது. ஸ்டான்போர்டில் உருவான மைசின், குருதித் தொற்றுகளை இனங்காண நூற்றுக்கணக்கான விதிகளைக் கையாண்டது. ஆனால் அவ்விதிகளை வல்லுநரிடமிருந்து பெறுவதே பெரும்பாடாயிற்று. தேர்ந்த வினைஞர் விதியைக் கூறுவதில்லை. 'முன்பொரு முறை இப்படி நேர்ந்தது' என்றே தொடங்குவார். யேல் பல்கலைக்கழகத்தின் ரோஜர் ஷாங்க் 1982இல் வெளியிட்ட நூலில் நினைவையே அறிவின் அடிப்படையாக வைத்தார். அவருடைய மாணவி ஜேனட் கோலோட்னர் உருவாக்கிய சைரஸ் என்னும் நிரல், அமெரிக்க வெளியுறவு அமைச்சர் சைரஸ் வான்சின் பயணங்களையும் சந்திப்புகளையும் நினைவிற்கொண்டு வினாக்களுக்கு விடையளித்தது. இவ்வழியே முன்னிகழ்வுவழிப் பகுத்தறிதல் எனப்படுகிறது. ஒத்த முன்னிகழ்வை மீட்டல், அதன் தீர்வைப் பயன்படுத்தல், அதனைத் திருத்தல், புதிய பட்டறிவைச் சேமித்தல் என்று 1994இல் ஆமோட்டும் பிளாசாவும் இதனை வகுத்துரைத்தனர். முன்தீர்ப்புகளைக் காட்டி வாதிடும் நம் வழக்கறிஞர்களுக்கு இதில் வியப்பேதும் இராது.

தீபக் கேமானி பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1980இல் இயந்திரப் பொறியியலில் பட்டம் பெற்றவர். பின்னர்க் கணினியியலுக்கு மாறி, 1989இல் அங்கேயே முனைவரானார்; அதன்பின் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார். அவருடைய செயற்கை நுண்ணறிவுப் பாடநூல் 2013இல் வெளிவந்தது. எனினும் வரலாற்று மாணவரின் கவனத்துக்கு உரியது இன்போபிராக்ஸ் என்னும் அமைப்பே. கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்திற்காக உருவான இதனைக் கேமானியும் உடனுழைத்தோரும் 2002இல் அபர்தீனில் நடந்த ஐரோப்பிய மாநாட்டில் விளக்கினர். (அந்நிறுவனம் முருகப்பா குழுமத்தைச் சார்ந்தது. 1900இல் பர்மாவில் வட்டித்தொழிலாகத் தொடங்கி, பின்னர் மலாயாவிலும் கடை விரித்த நகரத்தார் குடும்பத்தினது அக்குழுமம்.)

கண்ணாடி உலைகளின் உட்புறத்தில் பதிக்கும் வெப்பந்தாங்கிக் கட்டிகளைச் செய்வதே அங்குள்ள தொழில். அலுமினா, சிர்கோனியா, சிலிக்கா கலந்த பொருளை மின்வில் உலையில் உருக்கி, அச்சில் வார்த்து, மெல்ல ஆறவிடுவர். உருக்கிலோ அச்சிலோ ஆற்றுதலிலோ சிறு பிழை நேரினும் கட்டி வெடிக்கும். வெடிப்பின் காரணத்தை எந்தச் சூத்திரமும் முழுமையாகக் கூறாது. ஆகவே முன்பு வார்த்த கட்டிகளின் பட்டறிவைத் தேடியெடுத்துக் குறைகளின் காரணத்தை ஆராயவும், புதிய வார்ப்புக்கு ஏற்ற அளவுகளைத் தேரவும் கணினி துணைநின்றது. என் கருத்தில், இம்முறையின் சிறப்பு தோல்விக்கும் சமமான இடமளிப்பதே. வெடித்த கட்டியைப் பதிவு செய்யாத ஆலையில் இத்தகைய நினைவு பாதியளவே பயன்படும். எதனை 'ஒத்தது' என்று கொள்வது என்பதும் எளிதன்று. அதனை முடிவு செய்ய மீண்டும் வினைஞரையே நாட வேண்டும்.

சூளையறிவு கோலாலம்பூருக்கும் அயலன்று. 1881ஆம் ஆண்டின் தீயும் வெள்ளமும் நகரை அழித்தபின், கட்டடங்களைச் செங்கல்லால் எழுப்பும் நிலை உருவாயிற்று. அச்செங்கல்லைச் சுட்ட வட்டாரமே பிரிக்பீல்ட்ஸ் எனப் பெயர்பெற்றது. சூளைகள் மறைந்தன, பெயர் நின்றது.

பால்மரத் தொழிலுக்கும் அந்நிலை வரலாகாது. நம் வாய்மொழி வரலாற்று நேர்காணல்கள் கூலி, கோயில், பள்ளி ஆகியவற்றை நன்கு கேட்கின்றன. கைவேலையைக் கேட்பது அரிது. விடியுமுன் சீவினால் பால் மிகுதியாக வடியும் என்பது நூலில் உண்டு. இரவு மழையில் பட்டை நனைந்திருந்த காலையில் சீவுவதா வேண்டாவா என்பதை எதைக் கண்டு முடிவு செய்தார்கள், கத்தி ஆழ்ந்து பட்டைக்கடியில் காயம்பட்ட மரத்தை அடுத்த முறை எப்படிக் கையாண்டார்கள், அதன்பின் அம்மரம் என்னவாயிற்று? சிக்கல், செய்தது, விளைவு என மூன்றையும் ஒரே பதிவாக்கும் இவ்வினாக்களைத் தோட்டங்களை விட்டுக் கிள்ளானிலும் காப்பாரிலும் குடியேறிய முதியோரிடம் நேரில் சென்றுதான் கேட்க வேண்டும்.