முப்பது நாள்: உலகச் சூழல் நியமங்களும் ஊரார் கண்காணிப்பும்

மாரி வெள்ளம் வாவியில் ஏறும்போது முகத்துவாரத்து மணற்றிடரை எப்பொழுது வெட்டுவது என்னும் வினா மட்டக்களப்பு நாட்டிற்குப் புதியதன்று. படுவான்கரை வட்டைகளில் வேளாண்மை மூழ்குகின்றது, விரைந்து வெட்டுக என்பர் கமக்காரர். காலம் பிசகி வெட்டினால் மீனும் இறாலும் கடலோடு போய்விடும் என்பர் வாவி மீனவர். முடிவு செய்பவர் அதிகாரியேயாயினும், இரு திறத்தாரும் கரையில் நின்று பார்த்திருப்பர். பொதுநலக் கண்காணிப்பு என்று இன்று அறிஞர் பெயரிட்டு வழங்குவது பெரும்பாலும் இதுவேயாகும்.

உலக அரங்கில் இக்கருத்து எழுத்துருப் பெற்றது அண்மைக் காலத்திலேயே. 1972இல் ஸ்டொக்ஹோம் நகரிற் கூடிய ஐக்கிய நாடுகள் மாநாடு சூழலைப் பேணும் பொறுப்பை நாடுகளுக்கு உணர்த்திற்று. 1992இல் றியோ நகரில் வெளியிடப்பட்ட பிரகடனத்தின் பத்தாம் கோட்பாடு, சூழல் பற்றிய தகவலை அறியவும் முடிவெடுத்தலிற் பங்குகொள்ளவும் குடிமக்களுக்கு வழி வேண்டும் என்றது. இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு சூழலைக் காத்தலை அரசின் நெறியாகவும் ஒவ்வொருவர் கடமையாகவும் கூறிற்று. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம் 1988இல் திருத்தப்பட்டபோது, பெரிய வேலைத்திட்டங்களுக்குச் சூழல் தாக்க மதிப்பீடு வேண்டும் என்ற விதி புகுந்தது. அறிக்கை பற்றி மும்மொழியிலும் அறிவித்தல் வெளியிட்டு, பொதுமக்கள் கருத்துக் கூற முப்பது நாள் அளிக்க வேண்டும் என்பது அவ்விதியின் உயிர்நிலை.

அவ்வுயிர்நிலை சோதனைக்குள்ளானது எப்பாவலையிலாகும். அநுராதபுர மாவட்டத்து அவ்வூரில் பொசுபேற்றுக் கனியப் படிவு உண்டு. அதனை ஐக்கிய அமெரிக்க நிறுவனமொன்றின் முயற்சிக்கு முப்பது ஆண்டுக்கு வழங்க அரசு ஓர் ஒப்பந்தத்தைப் பேசி வந்தது. வயலும் வீடும் இழக்கவிருந்த ஊரார் எழுவர், விகாராதிபதி ஒருவரும் அவருள் அடங்க, உயர் நீதிமன்றத்தை நாடினர். பொதுநல வழக்காட இவர்களுக்கு உரிமை இல்லை என்று எதிர்த்தரப்பு வாதித்தது. 2000 சூன் 2ஆம் நாள் தீர்ப்பளித்த நீதியரசர் அமரசிங்க அதனை ஏற்கவில்லை. பலருக்கும் பொதுவான உரிமை என்பதனால் ஒருவனுடைய உரிமை அவனுடையதன்றாகி விடுமா என்பதே அவர் நியாயத்தின் சாரம்.

அத்தீர்ப்பிற் கவனிக்கத்தக்கது பிறிதொன்று. ஸ்டொக்ஹோம், றியோ பிரகடனங்கள் கண்டிப்பான சட்டமல்ல என்பதை நீதியரசர் ஒப்புக்கொண்டார். எனினும் ஐக்கிய நாடுகள் சபையின் உறுப்பு நாடு அவற்றைப் புறக்கணித்தல் தகாது என்றும், உயர்ந்த மன்றங்கள் தம் தீர்ப்பில் ஏற்கும்போது அவை உள்நாட்டிலும் வலுப்பெறலாம் என்றும் கூறினார். முறையான ஆய்வு நிகழ்ந்து, அதன் முடிவுகள் வெளியிடப்பட்டு, சட்டப்படி சூழல் மதிப்பீடும் நிறைவேறும்வரை ஒப்பந்தம் செய்தலாகாது எனக் கட்டளையிட்டார். உலக நியமம் எப்பாவலைக்கு வந்தது கமக்காரரின் மனுவோடு என்பதை வரலாறு கற்பிக்கும் நாம் மாணவர்க்குச் சொல்ல வேண்டும்.

இதற்கு மூன்றாண்டு முன்னர், தன்யூப் ஆற்று அணை பற்றிய அங்கேரி, சிலோவாக்கிய வழக்கில், சர்வதேச நீதிமன்றத்தின் உப தலைவராயிருந்த நம்நாட்டு நீதியரசர் வீரமந்திரி தனிக் கருத்தொன்று எழுதினார். இலங்கையின் பழைய குளங்களையும், அரசன் நிலத்தின் உடையவனல்லன், காவலனே என்னும் மகிந்த தேரரின் போதனையையும் அதிற் சான்று காட்டினார். எப்பாவலைத் தீர்ப்பு அதனையும் எடுத்தாண்டது. ஈழத்துக் குளக்கட்டு ஹேக் நகர் சென்று கொழும்புக்கு மீண்டது எனலாம்.

வடக்கே சுன்னாகத்தில், அனல் மின்நிலையச் சூழலிற் கிணறுகள் எண்ணெயால் மாசுற்றமை குறித்து வழக்கிட்டவர் தென்னிலங்கைச் சூழல் அமைப்பொன்றின் தலைவர். 2019 ஏப்பிரலில் உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்க என்னும் சர்வதேசக் கோட்பாட்டின்படி மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபாய் செலுத்தப் பணித்தது. இன வேற்றுமை பேசப்படும் நாட்டில் இவ்வழக்கை நினைத்தல் நன்று.

நமது வாவியின் கதை வேறு. கரையோர இறாற்பண்ணைகள் இங்கு எழுந்தபோது 1988ஆம் ஆண்டுத் திருத்தம் இல்லை. ஆகவே முப்பது நாளும் இல்லை. 1987 சனவரியில் மகிழடித்தீவு இறாற்பண்ணைத் தொழிலாளர் பலர் கொல்லப்பட்டனர். போரினால் அக்கைத்தொழில் இங்கு ஒடுங்கி, சிலாபம், புத்தளம் பக்கத்திற் பெருகி, ஆங்குக் கண்டற்காடுகளை விழுங்கிற்று. ஈரநிலங்களுக்கான றாம்சார் உடன்படிக்கையில் இலங்கை 1990இற் சேர்ந்தது. பூந்தலை முதலாக 2013 வரை ஆறு இடங்கள் அப்பட்டியலில் ஏறின. அவற்றுள் மட்டக்களப்பு வாவி இல்லை.

சில ஆண்டுகளின் முன், வாவிக்கரையில் எழவிருந்த ஒரு திட்டத்தின் அறிக்கையைப் பார்வையிடலாம் என்னும் அறிவித்தலைப் பத்திரிகையிற் கண்டு, மேல்வகுப்பு மாணவர் மூவரோடும் மீனவர் சங்கத்து முதியவர் ஒருவரோடும் ஒரு காரியாலயம் சென்றேன். அறிக்கை ஆங்கிலத்தில் இருநூறு பக்கங்களுக்கு மேற்பட்டது. தமிழில் இருந்தது நான்கு பக்கச் சுருக்கம். தேசப்படத்தை விரித்ததும் முதியவர், "சேர், நம்மட துறை இதில எங்க கிடக்கு?" என்றார். தேடினோம். அவர் தோணி கட்டும் இடம் வெற்று நிலம் எனக் குறிக்கப்பட்டிருந்தது. அடிப்படை உரிமை மனுவுக்கும் ஒரு மாதமே கெடு. கருத்துக்கும் முப்பது நாளே. அதில் இருபத்திரண்டு நாள் கழிந்திருந்தது.

மாணவர் எழுத, முதியவரும் வேறு பதினொருவரும் ஒப்பமிட, ஒன்றரைப் பக்கக் கடிதமொன்றை இருபத்தேழாம் நாள் கையளித்தோம். கிடைத்தது என்ற ஒப்புகை வந்தது, வேறொன்றும் வரவில்லை. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மறுபடி கேட்டபோது, படம் திருத்தப்படும் என்று ஒரு வரி வந்தது. அதன்பின் எமது வரலாற்று வகுப்பில், பத்திரிகையில் வரும் அத்தகைய அறிவித்தல்களை வெட்டி ஒட்டி, கெடுநாளைச் சிவப்பு மையாற் குறிக்கும் வழக்கம் தொடங்கியுள்ளது. ஆங்கில அறிக்கைகளைத் தமிழாக்க ஆள் போதவில்லை. பழைய மாணவருள் இயன்றோர் எழுதுவாராக.