வருகைக் கணக்கும் தொடர்சிகிச்சையும்: பெருந்தொற்றுக்குப் பின் இந்திய மருத்துவச் சுற்றுலாவின் மீட்சி

மருத்துவத்துக்காக இந்தியா வந்த வெளிநாட்டினர் 2019இல் ஏறத்தாழ 6.97 லட்சம் பேர். 2020இல் அது 1.83 லட்சமாகச் சரிந்து, 2022இல் சுமார் 4.75 லட்சமாக உயர்ந்தது. இந்த ஏறுமுகத்தையே மீட்சி எனக் கொள்வது எளிது. ஆனால் தலைகளை எண்ணுவது விடுதித் தொழிலுக்குப் பொருந்தும் அளவுகோல். சிகிச்சைக்கு அது போதாது. பாதை அடைபட்ட காலத்திலும் நோயாளிக்குச் சிகிச்சை தொடர்ந்ததா என்பதைக் கொண்டே மீட்சியை மதிப்பிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

அண்மைக்காலத்தில் பாதை இருமுறை அடைபட்டது. 2020 மார்ச்சில் விசாக்கள் முடக்கப்பட்டன. வழக்கமான பன்னாட்டு விமானச் சேவை 2022 மார்ச் 27இல்தான் மீண்டது. அது எல்லா நாட்டினரையும் தடுத்த அடைப்பு. 2024 ஆகஸ்டில் வங்கதேச ஆட்சி மாற்றத்தையடுத்து அங்கிருந்த இந்திய விசா மையங்கள் மூடப்பட்டு, பின்னர் குறைந்த அளவிலேயே இயங்கின. இது ஒரு நாட்டினரை மட்டுமே தடுத்தது. ஆயினும் பெருந்தொற்றுக்கு முன் மருத்துவத்துக்காக வந்தோரில் பாதிக்கு மேற்பட்டோர் அந்நாட்டினரே. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றிய தெருக்களில் வங்க எழுத்துப் பலகைகளும், அறையிலேயே சமைத்துக்கொள்ள இடம்தரும் லாட்ஜ்களும் வங்கமொழி பேசும் நோயாளிகளை நம்பி வளர்ந்தவை.

ஒரே நாட்டினரை நம்பியிருப்பதற்குத் தீர்வாக, வேறு நாடுகளிலிருந்தும் நோயாளிகளை ஈர்க்க வேண்டும் என்பார்கள். அது 2024 போன்ற அடைப்பின் இழப்பைக் குறைக்கும். எல்லாப் பாதைகளும் ஒருசேர அடைபட்ட 2020க்கு உதவாது. மேலும், அது மருத்துவமனையின் வருவாயைக் காக்குமே தவிர, ஏற்கெனவே சிகிச்சை பெற்றவரைக் காக்காது. சிறுநீரக மாற்று செய்துகொண்டவர் புதிய உறுப்பை உடல் நிராகரிக்காதிருக்க நாள்தோறும் மருந்து உட்கொள்ள வேண்டும். இரத்தத்தில் அம்மருந்தின் அளவை அவ்வப்போது சோதிக்கவும் வேண்டும். புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்பவருக்கு அடுத்த சுற்றைக் காலவரையின்றித் தள்ளிப்போட இயலாது.

தொலைமருத்துவம் இந்த இடைவெளியை நிரப்பியிருக்கலாம். ஆனால் 2020 மார்ச் 25இல் வெளியான இந்திய நெறிமுறைகள் நாட்டு எல்லைக்கு வெளியே வழங்கும் ஆலோசனையைத் தம் வரம்பிலிருந்து விலக்கின. உள்நாட்டு நோயாளிக்குத் திறந்த கதவு, அயல்நாட்டு நோயாளிக்குத் தெளிவாகத் திறக்கவில்லை.

ஆகவே தேவைப்படுபவை இரண்டு. முதலாவது, எல்லை கடந்த ஆலோசனைக்கு இருநாட்டு உடன்படிக்கை. இரண்டாவது, நோயாளி ஊர் திரும்பும்போதே அவரது ஊர் மருத்துவர் ஒருவரிடம் சிகிச்சைப் பொறுப்பைப் பகிர்ந்தளிக்கும் முறை. மறுபரிசோதனைக்கான வருகைகள் இதனால் குறையும். லாட்ஜ் உரிமையாளருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் அது உண்மையான இழப்பு. ஆனால் மறுபரிசோதனைக்கு வழியின்றித் தவித்தவரின் உறவினர், அடுத்த அறுவைக்கு வேறு நாட்டைத் தேடுவார். 2025இல் வங்கதேச நோயாளிகளுக்குச் சீனாவின் குன்மிங் நகர மருத்துவமனைகள் இடமளிக்கத் தொடங்கியது இதற்கான எச்சரிக்கை.

ஆண்டுதோறும் வெளியாகும் வருகைப் பட்டியலில், ஊர் திரும்பிய பின் சிகிச்சை தொடர்ந்தவர்களுக்கும் ஒரு பத்தி வேண்டும். அப்பத்தி நிரம்பும் அளவே மீட்சியின் அளவு.