ஈழத்தமிழர் பல்கலைக்கழகங்களில் நாடகக் கல்வி

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் இன்று ‘நாடகமும் அரங்கியலும்’ என்ற பெயரில் தமிழ்வழிப் பட்டப்படிப்பு நடைபெறுகிறது. பாடசாலை மாணவர்கள் க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்கும் அதே பெயருள்ள பாடத்தை எடுக்கலாம். பாடத்திட்டம் எழுதப்பட்டதிலிருந்து இதன் வரலாற்றைத் தொடங்கினால் பாதி வரலாறு விடுபட்டுப் போகும். பட்டம் என்ற ஒன்று வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே தமிழ் மாணவர்கள் பல்கலைக்கழக மண்டபங்களில் நடிப்பும் ஆட்டமும் பழகியிருந்தனர். அந்த நீண்ட காலத்தை முழுமையாகப் பார்க்கும்போது ஓர் ஒழுங்கு தெரிகிறது. தன் மதிலுக்கு வெளியே இருந்த ஆசிரியர் ஒருவரைப் பல்கலைக்கழகம் மனமுவந்து ஏற்றபோதெல்லாம் நாடகக் கல்வி செழித்தது. தன் நூலகமே போதும் என்று இருந்தபோது அது வெறும் பரீட்சைப் பாடமாகச் சுருங்கியது.

தமிழில் நாடகத்தை ஆராய்ச்சிப் பொருளாக்கிய முன்னோடி நூல்களுள் சுவாமி விபுலானந்தரின் ‘மதங்க சூளாமணி’ (1926) குறிப்பிடத்தக்கது. ஷேக்ஸ்பியரின் நாடகங்களையும் வடமொழி, தமிழ் நாடக இலக்கணங்களையும் அது பக்கத்தில் வைத்து நோக்கியது. மட்டக்களப்புப் பகுதியின் காரைதீவில் பிறந்த விபுலானந்தர் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். ஆயினும் மேடைப் பயிற்சியைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவந்தவர் அவருக்குப் பின் அப்பதவியை ஏற்ற க. கணபதிப்பிள்ளை. மாணவர் நடிப்பதற்காக அவர் எழுதிய நாடகங்கள் 1940இல் ‘நானாடகம்’ என்ற தொகுப்பாக வந்தன. அவற்றின் பாத்திரங்கள் யாழ்ப்பாணத்துப் பேச்சுத்தமிழில் பேசின. மேடையில் செந்தமிழ்தான் ஒலிக்க வேண்டும் என்பது படித்தவர்களின் எண்ணமாக இருந்த காலம் அது. மொழியியல் அறிஞரான கணபதிப்பிள்ளைக்குப் பேச்சுமொழி ஆய்வுக்குரிய பொருள். அதனால்தான் அதை மேடைக்கும் உரியதாகக் கருத முடிந்தது. அந்நாடகங்களில் நடித்துப் பழகிய மாணவர்களுள் பின்னாளில் பேராசிரியரான கா. சிவத்தம்பியும் ஒருவர். புள்ளியும் பாடநெறியும் இல்லாத இந்தப் பயிற்சியைக் கல்வி என்று கொள்ளாவிட்டால் அடுத்த தலைமுறை எங்கிருந்து வந்தது என்பதற்கு விடையே இல்லை.

அடுத்த திருப்பம் சிங்கள நாடகத்தின் வழியாக வந்தது. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பேராதனை வளாகத்தில் ஆசிரியராக இருந்த எதிரிவீர சரச்சந்திர, மாணவரைக் கொண்டு 1956இல் ‘மனமே’ நாடகத்தை மேடையேற்றினார். நாடகம என்ற பழைய சிங்கள ஆடல்பாடல் வடிவத்தை அவர் அதற்கு அடிப்படையாகக் கொண்டார். அவ்வடிவம் தமிழ்க் கூத்தோடு உறவுடையது. அதே வளாகத்தில் தமிழ் கற்பித்த சு. வித்தியானந்தனுக்கு இது தெளிவான அழைப்பாக இருந்தது. மூல வடிவம் மட்டக்களப்பிலும் மன்னாரிலும் உயிரோடு இருக்க, தமிழ் மாணவர் அதை அறியாதிருப்பானேன்? அவர் கூத்தின் பக்கம் திரும்பினார். ‘கர்ணன் போர்’ (1962), ‘நொண்டி நாடகம்’ (1963), ‘இராவணேசன்’ (1964) என்று தொடர்ந்து மேடையேற்றினார். மட்டக்களப்பிலிருந்து கூத்து ஆசானான அண்ணாவியார் வரவழைக்கப்பட்டு மாணவருக்கு ஆட்டமும் பாட்டும் பழக்கினார். கூத்தைப் படிப்பறியாதோர் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவந்த சமூகத்தில், அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்க, பல்கலைக்கழக மாணவன் அவர் சொற்கட்டுக்குக் கால் வைத்தான். ஈழத்து நாடகக் கல்வியின் அடித்தளம் இங்குதான் இடப்பட்டது என்பேன்.

அண்ணாவியார் கொண்டுவந்தது ஒரு முழுமையான கற்பித்தல் முறை. கிராமத்தில் கூத்துப் பழகுவது ‘சட்டங்கொடுத்தல்’ என்ற சடங்கோடு தொடங்கும். அப்போது ஒவ்வொருவருக்கும் உரிய பாத்திரம் பொருத்தப்பட்டு, பாடல்களை எழுதிய ஏடு கையளிக்கப்படும். பகலில் வயலிலும் கடலிலும் உழைத்தவர்கள் இரவில் களரியில் கூடி மாதக்கணக்காகத் தாளக்கட்டுகளைக் காலில் ஏற்றுவார்கள். ஆட்டம் கைவந்த பிறகே சதங்கை அணிவர். ‘அடுக்குப் பார்த்தல்’ என்ற முழு ஒத்திகை முடிந்தபின் அரங்கேற்றம் நடக்கும். குரல், உடல், தாளம், நினைவாற்றல், கூட்டுழைப்பு ஆகிய எல்லாவற்றையும் ஒருங்கே பயிற்றும் முறை இது. ஒரு நாடகக் கல்லூரி முதலாண்டில் எதைக் கற்பிக்க விரும்புமோ அது இதில் இருக்கிறது. கூத்தின் இரு பாணிகளான வடமோடிக்கும் தென்மோடிக்கும் உள்ள வேறுபாட்டை எவ்வளவு படித்தாலும், வரவுத் தாளத்துக்கு ஒருமுறை ஆடிப் பார்த்தவரே உடலால் அறிவார்.

வித்தியானந்தனின் பணி குறித்து வன்மையான மறுப்பும் உண்டு. விடியும்வரை ஆடிய கூத்தை அவர் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமாகச் சுருக்கினார். சுற்றிவரப் பார்வையாளர் அமர்ந்த வட்டக்களரியிலிருந்து ஒருபக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்கு அதை மாற்றினார். களரி நடுவே நின்ற அண்ணாவியார் மேடையின் ஓரத்துக்குப் போனார். ‘செம்மையாக்கம்’ என்று இதற்கு இட்ட பெயரே கிராமத்தார் ஆடியது செம்மையற்றது என்ற கருத்தைச் சுமக்கிறது என்பது விமர்சகர் வாதம். இதில் நியாயம் இருக்கிறது. வட்டத்திலிருந்து நேர்கோட்டுக்கு வந்தபோது ஆட்டத்தின் உள்ளமைப்பும் மாறியது. அண்ணாவியாருக்குக் கிடைக்க வேண்டிய பெயரில் ஒரு பங்கு பேராசிரியருக்குப் போனது. ஆனால் சுருக்கம் கூத்தை அழித்தது என்ற முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. மட்டக்களப்புக் கிராமங்களில் விடியவிடியக் கூத்து பின்னரும் நடந்தது. பேராதனை மேடையில் பிறந்தது அதற்குப் பக்கத்தில் நின்ற இன்னொரு வடிவம். ‘இராவணேசன்’ கூத்தில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு, பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து யாழ்ப்பாணத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். சாதி ஒடுக்குமுறைக்கும் சுரண்டலுக்கும் எதிரான ‘சங்காரம்’ நாடகத்தை வடமோடி ஆட்டத்தில் அமைத்தவரும் அவரே. அந்த ஒன்றரை மணி நேரக் கூத்து இல்லாதிருந்தால் இவை இரண்டும் நிகழ்ந்திருக்குமா என்பது ஐயமே.

பாடநெறியாக நாடகம் உருவெடுத்ததில் கொழும்புப் பல்கலைக்கழகம் 1970களின் நடுப்பகுதியில் ஆசிரியர்களுக்கென நடத்திய நாடக டிப்ளோமாவுக்குப் பெரும் பங்குண்டு. அதில் பயின்றவர்களுள் யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஆசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் ஒருவர். கற்றதை அவர் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். அரச உதவியோ பட்டம் வழங்கும் அதிகாரமோ இல்லாத அந்தக் கல்லூரி, களப்பயிற்சியைத் தவறாத வழக்கமாக்கியது. சிறுவர் நாடகத்தையும் பாடசாலை நாடகத்தையும் வளர்த்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் அக்காலத்தில் சிவத்தம்பி இருந்தார். பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றி பர்மிங்காமில் ஆய்வு செய்தவர் அவர். ஆய்வறிஞரும் பாடசாலை ஆசிரியரும் ஒரே ஊரில் சேர்ந்து இயங்கியதால் பல்கலைக்கழக அரங்குக்கு இரண்டு கால்கள் கிடைத்தன. சண்முகலிங்கம் எழுதி க. சிதம்பரநாதன் நெறியாள்கை செய்த ‘மண் சுமந்த மேனியர்’ (1985) அதன் உச்சம். பல்கலைக்கழகக் கலாசாரக் குழுவின் மாணவர்கள் அதை யாழ்ப்பாணத்து ஊர்களுக்குக் கொண்டு சென்றனர். போரின் நடுவே வாழ்ந்த மக்கள் தங்கள் வாழ்வையே அதில் கண்டனர். அங்கே மாணவர்க்கு எதிரே அமர்ந்திருந்த கூட்டமும் ஓர் ஆசிரியர்தான்: எந்தச் சொல் மக்களைத் தொடுகிறது, எந்த அசைவு வீணாகிறது என்பதை அது உடனே உணர்த்தியது.

பரீட்சைக்குள் வந்ததால் நாடகம் உயிரிழந்தது என்பது இரண்டாவது மறுப்பு. கிரேக்க அரங்கின் பகுதிகளையும் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி, பிரெக்ட் கோட்பாடுகளையும் குறிப்புப் புத்தகத்திலிருந்து மனப்பாடம் செய்து, ஒரு நாளும் மேடை ஏறாமலே ஒருவர் நல்ல புள்ளி பெற முடியும் என்கிறார்கள். முடியும் என்பது உண்மை, அது கவலைக்குரியதுதான். ஆனால் பாடத்தையே நீக்குவது தீர்வாகாது. உயர்தரப் பாடமாக இருப்பதால்தான் பாடசாலைக்கு நாடக ஆசிரியர் தேவைப்படுகிறார். அந்தத் தேவை இருப்பதால்தான் பட்டதாரிக்கு வேலை கிடைக்கிறது. தொழில்முறை நாடகக் குழு ஒன்று நுழைவுச்சீட்டு விற்று வாழக்கூடிய சந்தை ஈழத்தமிழரிடம் இல்லாத நிலையில், நாடகம் கற்றவருக்கு மாதச் சம்பளம் தரும் ஒரே பெரிய இடம் பாடசாலை. அதை இழப்பது தூய்மையைத் தராது, வறுமையைத் தரும். திருத்த வேண்டியது மதிப்பீட்டு முறையை. செய்முறைக்கும் களப்பணிக்கும் எழுத்துத் தாளுக்கு இணையான எடை தரவும், அண்ணாவியாரைப் பரீட்சகர் குழுவில் அமர்த்தவும் எந்த விதி தடுக்கிறது?

கிழக்குப் பல்கலைக்கழகம் இக்கேள்விகளைத் தொடர்ந்து எதிர்கொண்டு வருகிறது. மௌனகுரு அங்கு நுண்கலைத் துறையைக் கட்டியெழுப்பி ‘இராவணேசன்’ கூத்தைப் புதிய மாணவரோடு மீண்டும் உருவாக்கினார். கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியல் கற்கைகள் நிறுவகம் இசை, நடனம் ஆகியவற்றோடு நாடகத்தையும் கற்பிக்கிறது. அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சி. ஜெயசங்கர் வேறு பாதையை முன்வைத்தார். மட்டக்களப்புச் சீலாமுனையில், கூத்தாடும் மக்களோடு உட்கார்ந்து பேசி, அவர்களே தங்கள் கூத்தைத் திருத்தி ஆடும் ‘மீளுருவாக்கம்’ 2000களின் தொடக்கத்தில் நடைபெற்றது. கூத்து களரியிலேயே இருந்தது, நகர்ந்தவர்கள் பல்கலைக்கழகத்தார். கதையில் பெண்ணையும் சாதியையும் இழிவுபடுத்தும் இடங்கள் எவை என்பது ஊருக்குள்ளேயே விவாதிக்கப்பட்டது. பெண்வேடத்தையும் ஆண்களே கட்டிவந்த மரபில் பெண்கள் ஆடவந்ததும் இவ்வகை முயற்சிகளோடு சேர்ந்து நிகழ்ந்தது. பட்ட வகுப்பில் இப்போது மாணவியரும் மாணவரோடு சேர்ந்து வடமோடியும் தென்மோடியும் பழகுகிறார்கள். அவர்களுள் பலர் பாடசாலை ஆசிரியராகி, தாங்கள் கற்ற ஆட்டத்தை அடுத்த வகுப்புக்குப் பழக்குகிறார்கள்.