நந்தினி - ஆதித்த கரிகாலன்: கடம்பூர் மாளிகையில் என்னதான் நடந்தது? எது கதை, எது வரலாறு?

'பொன்னியின் செல்வன்' படத்தில் விக்ரமும் ஐஸ்வர்யா ராயும் நேருக்கு நேர் நிற்கும் காட்சி ஞாபகம் இருக்கா? அதற்கு மூலம், கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய நாவல்தான்.

அப்போ யார்? இப்போ யார்?

சின்ன வயசில் அவன் சோழ இளவரசன். அவள் கோயில் பட்டர் வீட்டில் வளர்ந்த பெண். இருவருக்கும் இடையே அரும்பிய அன்பு அரண்மனைக்குப் பிடிக்கவில்லை, பிரிக்கப்பட்டார்கள்.

பிறகு போர். வைகைக் கரைக் குடிசையில் ஒளிந்திருந்த வீரபாண்டியனை கரிகாலன் கண்டுபிடிக்கிறான். உயிர்ப்பிச்சை கேட்டுக் காலில் விழுவது நந்தினி! அவன் கேட்கவில்லை. பாண்டியன் தலை விழுகிறது.

கடம்பூரில் மீண்டும் சந்திக்கும்போது அவள் பெரிய பழுவேட்டரையரின் மனைவி, பழுவூர் இளைய ராணி. அவரைக் கரிகாலன் 'பாட்டனார்' என்று அழைப்பவன். அந்தக் கணக்கில் நந்தினி அவனுக்குப் பாட்டி முறை! இது வெளியே தெரியும் முகம். உள்ளுக்குள் அவள் பாண்டிய ஆபத்துதவிகளோடு சேர்ந்து பழிவாங்கச் சபதம் எடுத்தவள். போதாக்குறைக்கு, அவள் தன் சகோதரியாக இருக்கலாம் என்ற செய்தியும் அவனை எட்டுகிறது.

அதாவது, பழைய உறவைச் சொல்லிக் கூப்பிட இருவருக்கும் ஒரு பெயர்கூட மிச்சமில்லை. அந்த இரவில் கரிகாலன் இறக்கிறான். கொன்ற கை யாருடையது? கல்கி அதை உடைத்துச் சொல்லவே இல்லை.

சரி, இது நிஜமா?

கொலை நிஜம். காட்டுமன்னார்கோவில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் உள்ள ராஜராஜன் காலக் கல்வெட்டு, கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரைக் குறிப்பிடுகிறது. ஆனால் ஏன் கொன்றார்கள் என்று சொல்லவில்லை. இந்தப் பெயர்களை நாவலுக்குள் கொண்டுவந்த கல்கி, அந்த 'ஏன்'-ஐ நிரப்பப் படைத்தவள்தான் நந்தினி. கல்வெட்டில் அவள் பெயர் கிடையாது. காதல், கடம்பூர் சந்திப்பு எல்லாமே கற்பனை.

வேங்கிக்கால் பக்கம் இருக்கிறவங்க கவனத்துக்கு

கரிகாலனின் தாய் வானவன் மாதேவி, திருக்கோவலூர் மலையமான் குலப் பெண். இன்றைய திருக்கோவிலூர்தான் அது. திருவண்ணாமலையிலிருந்து சுமார் 40 கி.மீ. கணவர் சுந்தர சோழர் இறந்தபோது, பால்குடி மறவாத பிள்ளையை விட்டுவிட்டு அவர் உடன்கட்டை ஏறியதை அங்குள்ள வீரட்டானேசுவரர் கோயில் கல்வெட்டு சொல்கிறது.

நந்தினியைத் தேடினால் நாவலில்தான் கிடைப்பாள். கரிகாலனின் தாயைப் பற்றிய கல்வெட்டை நேரில் போய்ப் பார்க்கலாம்.